நான் போடாத கட்

ஒரு தச்சர் உளியின் தலையில் தட்டுகிறார். டக், டக், டக். மூன்றாவது தட்டு விழுந்ததும் அவர் முகத்துக்குக் கட். நிமிர்ந்து பார்த்து, "அவசரப்பட்டா பிளந்துடும்" என்கிறார். எல்லாம் சேர்த்து நான்கு விநாடிதான்.

நான் எடிட் செய்துகொண்டிருந்த படத்தில் வரும் இந்த நான்கு விநாடியை ஓர் இரவு ஒன்றரை மணி நேரம் லூப்பில், அதாவது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி, ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 15 முறை என்றால் மொத்தம் 1,350 முறை. நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் கட், அதாவது தட்டிலிருந்து முகத்துக்கு ஷாட் மாறும் இடம், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று நம்பி, சேமித்துவிட்டுப் படுத்தேன். காலையில் படத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தால் அந்த இடம் நொண்டியது. பேசி முடிக்குமுன் யாரோ தச்சரின் வாயைப் பொத்தியதுபோல் இருந்தது.

அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்த நான்கு விநாடியை லூப்பில் போடுவதற்கே எனக்கு முக்கால் மணி நேரம் ஆன கதையை முதலில் சொல்லியாக வேண்டும். எடிட்டிங்குக்குப் புதிதாக வருகிற பலரும் அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். காட்சிகளை வரிசையாக அடுக்கி வைக்கும் டைம்லைனில், தொடங்க வேண்டிய இடத்தில் ஐ விசையை அழுத்தி இன் பாயிண்ட் வைத்தேன். முடிய வேண்டிய இடத்தில் ஓ அழுத்தி அவுட் பாயிண்ட். லூப் என்று எழுதிய பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கினேன். அப்புறம் ஸ்பேஸ்பார். படம் எங்கே ஓடுகிறது என்று காட்டும் கோடான பிளேஹெட் நகர்ந்தது, அவுட் பாயிண்ட்டை எட்டியது, அங்கே யாரும் இல்லாததுபோல் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன், மறுபடி தாண்டியது. மென்பொருளை மூடித் திறந்தேன், கணினியை அணைத்துப் போட்டேன். சரி, பொத்தான்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினேன்.

பொத்தான் சரியாகத்தான் இருந்தது. என் கணக்குதான் தப்பு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்ட மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும். எங்கிருந்து எங்கே என்ற எல்லை ஒன்று. முடிவுக்கு வந்தால் முதலுக்குப் போ என்ற கட்டளை இன்னொன்று. எதை முடிவு என்று எடுத்துக்கொள்வது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத் தீர்மானிப்பது லூப் பொத்தான் அல்ல, நீங்கள் எந்த விசையால் ஓடவிடுகிறீர்கள் என்பதுதான். பல மென்பொருள்களில் ஸ்பேஸ்பாருக்கு "இங்கிருந்து ஓடு" என்று மட்டும்தான் பொருள். இன், அவுட் எதையும் அது சட்டை செய்யாது. அதற்கு முடிவு என்றால் சீக்வென்ஸின், அதாவது டைம்லைனில் அடுக்கிய முழுப் படத்தின், கடைசி ஃபிரேம். என் படம் 40 நிமிடம். பொறுமையாக உட்கார்ந்திருந்தால் 40 நிமிடம் கழித்து லூப் ஆகியிருக்கும்!

அடோபி பிரீமியர் புரோவில் இந்தப் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. லூப்பை அமுக்கிவிட்டு வெறும் பிளே கொடுத்தால் முழு சீக்வென்ஸும் சுற்றும். லூப்போடு 'பிளே இன் டு அவுட்' கொடுத்தால் குறித்த பகுதி மட்டும் சுற்றும். இதற்கான விசை விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்தது. மேக்கில் ஆப்ஷனும் கே-யும். லூப் பொத்தான் முதலில் கண்ணில் படாமலும் இருக்கலாம். டைம்லைனில் ஓடுவதைக் காட்டும் புரோகிராம் மானிட்டரின் கீழே வலது ஓரத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் பொத்தான்களின் பெட்டி ஒன்று திறக்கும். அதிலிருந்து லூப்பை இழுத்துக் கீழே வரிசையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியே பிளே இன் டு அவுட்டையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள், ஒன்றில்லாமல் மற்றது பாதி வேலைதான் செய்யும்.

டாவின்சி ரிசால்வில் லூப்பைப் போட கண்ட்ரோலும் ஸ்லாஷும், இன் முதல் அவுட் வரை ஓட்ட ஆல்ட்டும் ஸ்லாஷும். மேக் என்றால் கமாண்ட், ஆப்ஷன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஃபைனல் கட் புரோவில் கமாண்டும் எல்-லும் லூப்பைப் போடும், வெறும் ஸ்லாஷ் தேர்ந்தெடுத்த பகுதியை ஓட்டும். கேடன்லைவ் இந்தப் பகுதியை 'ஸோன்' என்கிறது. அங்கே கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் அழுத்தினால் ஸோன் தானாகவே சுற்றத் தொடங்கும், தனியாக லூப்பைப் போட வேண்டியதில்லை. பிளெண்டர் நேர் எதிர். அது எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், சுற்றாமல் இருக்க வைப்பதுதான் பாடு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பி, என் இரண்டும் ஓட வேண்டிய பகுதியான வொர்க் ஏரியாவின் தொடக்கத்தையும் முடிவையும் வைக்கும். முதல் சுற்று இழுத்து இழுத்துத்தான் ஓடும். மேலே பச்சைக் கோடு நிரம்பிய பிறகே உண்மையான வேகத்துக்கு வரும். இந்த விசைகள் எல்லாம் வாங்கியபடி இருக்கும் அமைப்பில்தான். உங்களுக்கு முன் அந்தக் கணினியில் உட்கார்ந்தவர் மாற்றியிருந்தால் நான் பொறுப்பல்ல.

இன்னும் இரண்டு சின்னத் தொல்லைகள். விசை எந்தப் பேனலுக்குப் போகிறது என்று கவனியுங்கள். வெட்டாத கிளிப்பைப் பார்க்கும் சோர்ஸ் மானிட்டரைக் கிளிக் செய்துவிட்டு ஐ அழுத்தினால் இன் பாயிண்ட் அங்கேதான் விழும், டைம்லைனில் அல்ல. இன்னொன்று நம்மைப் போல் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு. சப்டைட்டிலை அடித்துவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து, ஐ-யும் ஓ-வும் செத்துவிட்டதாக நினைத்து நான் திட்டிய நாட்கள் உண்டு.

சரி, லூப் ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்ததாக ஒவ்வொரு சுற்றும் முதலுக்குத் திரும்பும் கணத்தில் படம் ஒரு நொடி திக்கும். கணினி பழசு என்று அலுத்துக்கொள்வோம். பெரும்பாலும் காரணம் கோப்பின் வகை. கேமராவும் கைபேசியும் எழுதும் ஹெச்.264 போன்ற கோப்புகளில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக முழு ஃபிரேம் இருக்கும், இடையில் இருப்பவை பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். உங்கள் இன் பாயிண்ட் அந்த இடைப்பட்ட ஒன்றில் விழுந்தால், பிளேஹெட் அங்கே தாவும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் முந்தைய முழு ஃபிரேமைத் தேடிப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். நேராக ஓடும்போது தெரியாத இந்த வேலை, தாவும்போது திக்கலாகத் தெரிகிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே வைத்திருக்கும் புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்றவற்றில் பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கென்று ஓர் இலகுவான நகல், எடுத்துக்கொண்டால் இது பெரும்பாலும் போய்விடும். எஃபெக்ட் சுமையால் திக்குகிறது என்றால் அந்தப் பகுதியை மட்டும் ரெண்டர் செய்தால், அதாவது முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைத்தால், போதும்.

திக்கல் போனதும் எனக்கு ஒரே சந்தோஷம். இப்போது யோசித்தால், அந்தத் திக்கல் எனக்கு நல்லதுதான் செய்துகொண்டிருந்தது. இங்கே ஒரு தையல் இருக்கிறது, ஏமாறாதே என்று ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நானே வேலை மெனக்கெட்டு அழித்தேன்.

தச்சருக்கு வருகிறேன். நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கட், மூன்றாவது தட்டிலிருந்து முகத்துக்குப் போவது. ஆனால் லூப்பில் இரண்டு கட் இருக்கின்றன. முகத்திலிருந்து மறுபடி முதல் தட்டுக்குப் போவதும் ஒரு கட்தான். அதை நான் போடவில்லை, அது படத்திலும் இல்லை. லூப் போட்டது. ஆனாலும் கண்ணும் காதும் அதைக் கட்டாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. டக், டக், டக், "அவசரப்பட்டா பிளந்துடும்", டக், டக், டக். பத்துச் சுற்றுக்குள் இது தாளமாகிவிட்டது. கால் தானாகத் தரையில் தட்டியது. "பிளந்துடும்" முடிந்து அடுத்த டக் விழுவதற்கு இடையில் ஒரு சின்னத் தொய்வு. அது உறுத்தியது. ஒரு ஃபிரேம் குறைத்தேன். இன்னும் ஒன்று. மொத்தம் ஆறு ஃபிரேம் போனபோது தாளம் பிசிறில்லாமல் சுற்றியது. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஆறு ஃபிரேம் என்பது கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சொல்லின் வால் அடங்கி உதடு மூடுவதற்கு வேண்டிய நேரம் அது.

படத்தில் "பிளந்துடும்" என்பதற்குப் பிறகு டக் கிடையாது. மரத்தூள் பறக்கும் அமைதியான ஷாட் ஒன்றுதான் வருகிறது. இல்லாத டக்குக்காக இருக்கிற பேச்சை நறுக்கியிருக்கிறேன். ஒன்றரை மணி நேரமும் நான் திருத்திக்கொண்டிருந்தது என் கட்டை அல்ல, லூப்பின் கட்டை.

என் காது மட்டும்தான் இப்படியா என்று பின்னால் படித்துப் பார்த்ததில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. உளவியலாளர் டயானா டாய்ச் 1995-இல் தன் குறுந்தகடு ஒன்றுக்காகத் தானே பேசிய விளக்கத்தைச் செப்பம் செய்துகொண்டிருந்தார். அதில் நான்கு சொல் கொண்ட ஒரு துண்டை லூப்பில் போட்டுவிட்டு, அதை மறந்து வேறு வேலையில் இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அறையில் யாரோ பாடுவதுபோல் கேட்டது. பார்த்தால் அவருடைய பேச்சேதான். ஒலியில் எதுவும் மாறவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டதாலேயே பேச்சு பாட்டாகிவிட்டது. முழு வாக்கியத்தையும் பிறகு ஓட்டினால் மற்றதெல்லாம் பேச்சாகக் கேட்க, அந்த நான்கு சொல் மட்டும் பாட்டாகவே கேட்கும். பேச்சு பாட்டாகும் மயக்கம் என்று இதைச் சொல்கிறார்கள். ஒரு எடிட்டருக்கு இதைவிடப் பயமுறுத்தும் கதை வேண்டுமா என்ன! ஒருமுறை காது பாட்டாக எடுத்துக்கொண்டால், லூப்பை நிறுத்திய பிறகும் அது எளிதில் திரும்பி வருவதில்லை. அதனால்தான் அந்த இரவு கடைசியாக ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்த்தபோதும் எனக்குக் குறை தெரியவில்லை. ஒரு தூக்கம் தேவைப்பட்டது.

படச்சுருள் காலத்தில் லூப் என்றால் நிஜமாகவே ஒரு வளையம். நடிகர் வசனத்தை மறுபடி பேசிப் பதிவு செய்ய வேண்டும் என்றால், அந்தத் துண்டை வெட்டி முனையோடு முனை ஒட்டி, புரொஜெக்டரில் சுற்றவிடுவார்கள். அதனால் அந்த வேலைக்கே 'லூப்பிங்' என்று பெயர் வந்தது. வளையம் போய்க் கணினி வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தின் முணுமுணுப்பைக் குரல் கொடுத்து நிரப்புகிறவர்களை இன்றும் 'லூப் குரூப்' என்கிறார்கள். அந்த அறையில் வசனம் தொடங்குமுன் மூன்று பீப் ஒலி வரும், நான்காவது வர வேண்டிய இடத்தில் நடிகர் பேச வேண்டும். அதாவது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாசற்படி உண்டு. நாம் டைம்லைனில் போடும் லூப்பில் அது இல்லை. கடைசி ஃபிரேமின் முதுகில் முதல் ஃபிரேம் ஏறி நிற்கிறது.

அந்தக் காலைக்குப் பிறகு என் வேலைமுறை கொஞ்சம் மாறியது. நிறம் பார்க்க, ஒலி அளவு சரிசெய்ய, எழுத்து நகரும் வேகம் பார்க்க, படத்தின் ஒரு பகுதியைத் தனியே பிரிக்கும் மாஸ்க் முகத்தை விட்டு விலகுகிறதா என்று பார்க்க லூப்தான். அதில் சந்தேகமே இல்லை. இரண்டு கையும் குமிழ்களில் இருக்க, படம் தானாகச் சுற்றிக்கொண்டிருப்பது பெரிய வசதி. நிறம் பார்க்கும்போது ஒலியை அணைத்துவிடுவேன். ஒலி பார்க்கும்போது திரையைப் பார்க்க மாட்டேன். ஒன்று மற்றதன் குறையை மூடிவிடுகிறது.

கட் பார்ப்பதற்கு மட்டும் லூப் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். அதற்கென்றே 'பிளே அரவுண்ட்' என்று ஒன்று பல மென்பொருள்களில் ஒளிந்திருக்கிறது. பிளேஹெட்டைக் கட்டின் மேல் நிறுத்தி விசையைத் தட்டினால், கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கிக் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். பிரீமியரில் ஷிஃப்டும் கே-யும், ரிசால்வில் வெறும் ஸ்லாஷ், ஃபைனல் கட்டில் ஷிஃப்டும் ஸ்லாஷும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பதைப் பிரீமியரில் பிரிஃபரன்ஸில் மாற்றலாம். இரண்டு விநாடி எனக்குப் போதாது, முன்பக்கம் நான்காக்கி வைத்திருக்கிறேன். முடிந்ததும் நின்றுவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. அடுத்த முறை பார்க்க நான் மறுபடி அழுத்த வேண்டும். அந்த அரை விநாடி மௌனத்தில் காது தாளத்தை விட்டுவிடுகிறது.

எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு ஷாட்டை எங்கே முடிப்பது என்று பார்க்கும் முறை பிரசித்தம். படத்தை ஓடவிட்டு, உணர்வு சொல்லும் இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்வார். பின்னால் போய் மறுபடி ஓட்டி, அதே ஃபிரேமில் கை நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் அதுதான் கட். இதுவும் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது, அதனால்தான் சோதனையாக இருக்கிறது. இதை லூப்பில் செய்து பாருங்கள், ஐந்தாவது சுற்றில் கை தாளத்துக்குத் தட்டும், படத்துக்கு அல்ல. நான் செய்து பார்த்திருக்கிறேன். பத்து முறையும் ஒரே ஃபிரேமில் கை நின்றது, பத்தும் தப்பு.

லூப்பில்தான் பார்த்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், எல்லையைத் தாராளமாக வைக்கிறேன். கட்டுக்கு முன்னால் ஐந்து விநாடி, பின்னால் ஏழெட்டு. இன் பாயிண்ட்டை ஒரு தட்டின் மேலோ சொல்லின் தொடக்கத்திலோ வைப்பதில்லை, எதுவும் நடக்காத இடமாகப் பார்த்து வைப்பேன். தையல் அசிங்கமாக இருக்கட்டும், அங்கே கண் இடறட்டும்.

சில மாதம் கழித்து அதே தச்சரின் படத்திலிருந்து, ஒரு கண்காட்சித் திரையில் நாள் முழுக்கச் சுற்றுவதற்கு ஒரு துண்டு கேட்டார்கள். இப்போது விஷயம் தலைகீழ். தையல்தான் உண்மையான கட், மற்றதெல்லாம் சும்மா. இந்த வேலையில் எல்லோரும் ஒருமுறை விழும் குழி ஒன்று இருக்கிறது. 25 ஃபிரேமில் ஒரு சக்கரம் முழுச் சுற்று சுற்ற வேண்டும் என்று 0-ஆவது ஃபிரேமில் 0 டிகிரி, 25-ஆவது ஃபிரேமில் 360 டிகிரி என்று கீ, அதாவது இந்த ஃபிரேமில் இந்த நிலை என்ற குறி, வைக்கிறோம். 0-வும் 360-உம் கண்ணுக்கு ஒரே படம். அவுட் பாயிண்ட்டை 25-இல் வைத்தால், அவுட் பாயிண்ட் இருக்கும் ஃபிரேமும் கணக்கில் சேரும் என்பதால் ஒரே படம் இரண்டு முறை வரும், சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை இடறும். அவுட் 24-இல் இருக்க வேண்டும். கீயை நகர்த்தக் கூடாது, எல்லையை மட்டும்தான்.

சக்கரம் என்றால் கணக்கு உதவும். எரியும் அடுப்பு, அலை, மரத்தூள் இதற்கெல்லாம் கணக்கில்லை. தொடக்கமும் முடிவும் ஒருநாளும் பொருந்தாது. அதற்கு எடிட்டர்கள் கை மாற்றி வரும் ஒரு வித்தை எனக்கு மிகப் பிடிக்கும். கிளிப்பை நடுவில் இரண்டாக வெட்டுங்கள். பின்பாதியை முன்னாலும் முன்பாதியைப் பின்னாலும் இடம் மாற்றுங்கள். பொருந்தாத தையல் இப்போது டைம்லைனின் நடுவுக்கு வந்துவிட்டது. அதன் மேல் ஒரு டிசால்வ், அதாவது ஒரு காட்சி கரைய மற்றது தோன்றும் கலப்பு, போட்டு மூடுங்கள். இரண்டு முனைகளோ, வெட்டுவதற்கு முன் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஃபிரேம்கள். லூப் திரும்பும்போது அவை இயல்பாகவே சேர்ந்துகொள்ளும், அங்கே நாம் செய்ய எதுவுமே இல்லை. டிசால்வுக்குத் தேவையான அளவு இரண்டு பக்கமும் கூடுதல் காட்சி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிக்கு ஒன்று அடங்க மற்றது எழும் கிராஸ்ஃபேடை இன்னும் நீளமாகப் போடலாம், காது படத்தைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

இந்தச் சுற்றும் சமாச்சாரத்துக்கு ஒரு சின்ன வரலாறும் உண்டு. இணையத்தில் எல்லோரும் அனுப்பும் ஜிஃப் 1987-இல் வந்தபோது அதற்குத் திரும்பத் திரும்பச் சுற்றத் தெரியாது. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவியின் 2.0 பதிப்புதான் அதைச் சேர்த்தது. எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று சொல்லும் சிறு பகுதி இன்றும் கோப்புக்குள் நெட்ஸ்கேப்பின் பெயரைத் தாங்கித்தான் வருகிறது, அந்த உலாவி போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகியும். அங்கே பூஜ்யம் என்று எழுதினால் பூஜ்யம் முறை அல்ல, முடிவில்லாமல்.

கண்காட்சிக்காக முகத்தை எடுத்துவிட்டேன், பேச்சையும். கை, உளி, மரத்தூள் மட்டும். டக், டக், டக். இந்த முறை லூப்பைப் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, கால் தரையில் தட்டும்வரை காத்திருந்தேன். தட்டியது. நான்காவது சுற்றில் எங்கோ மெல்ல ஒரு இடறல். அவுட் பாயிண்ட்டை ஒரு ஃபிரேம் இடப்பக்கம் நகர்த்தினேன்.